காடறிவும் கைப்பொருளும்

மகாத்மா ஜோதிராவ் புலே 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஒடுக்கப்பட்டோர் வரலாறு கடல் கடந்தும் உறவுடையது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். அவ்வுறவை எண்ணியே, அமெரிக்கக் கறுப்பின மக்கள் வனவியல் கல்வி பெற்ற வரலாற்றை நம் இளைஞர்முன் வைக்கின்றோம்.

1862ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட மோரில் சட்டம், வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கென மாநிலங்களுக்கு நிலம் வழங்கியது. அந்நிலத்தை விற்ற பணமே கல்லூரிகளின் மூலதனமாயிற்று. ஆயின், தென் மாநிலங்களில் அக்கல்லூரிகள் பெரும்பாலும் வெள்ளையர்க்கே உரியனவாயின. 1890ஆம் ஆண்டின் இரண்டாம் மோரில் சட்டம் இதற்கு ஒரு மாற்றுக் கண்டது. கறுப்பின மாணவரை வேற்றுமையின்றிச் சேர்க்க வேண்டும். இன்றேல் அவர்க்கெனத் தனிக் கல்லூரி நடத்தி நிதியை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்று அது விதித்தது. தென் மாநிலங்கள் தனிக் கல்லூரியையே தேர்ந்தன. நிலம் முன்னைக் கல்லூரிகளிடமே நின்றது. கறுப்பினக் கல்லூரிகளுக்குப் பணத்தில் ஒரு பங்கு மட்டுமே கிட்டியது.

அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில், அடிமையாகப் பிறந்த வில்லியம் ஹூப்பர் கவுன்சில் 1875இல் தொடங்கிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, 1891இல் இச்சட்டத்தின் உதவியைப் பெற்றது. அதுவே இன்றைய அலபாமா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம்.

இக்காலத்திலேதான் வனவியல் ஒரு தனித் தொழிலாக அமெரிக்காவில் வளர்ந்தது. வளரும் அளவறிந்து வெட்டுதல், வெட்டிய இடத்தில் நடுதல், காட்டுத்தீயைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றை முறையாகக் கற்றோரே வன அலுவலராயினர். 1906இல் பென்சில்வேனியா மாநில வனப்பள்ளியில் தேறிய ரால்ஃப் பிராக், முறையான பயிற்சி பெற்ற முதல் கறுப்பின வனவியலார் ஆவார். அவருக்குப் பின் அவ்வழியே சென்றோர் மிகச் சிலரே.

1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞர்க்காக இயற்கைவளப் பாதுகாப்புப் படையை அமைத்தார். 1942 வரை சுமார் 30 இலட்சம் பேர் அதிற் பணியாற்றினர். ஏறத்தாழ 300 கோடி மரங்கள் நட்டனர். மாத ஊதியம் 30 டாலர். அதில் 25 டாலர் குடும்பத்துக்குச் சென்றது. கறுப்பின இளைஞர் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். இன வேற்றுமை கூடாது எனச் சட்டம் கூறியிருந்தும், 1935 முதல் அவர்களைத் தனி முகாம்களிலேயே வைத்தனர். மரம் நட்ட கைகளுக்கு வன அலுவலர் பதவி எளிதில் எட்டவில்லை.

காரணம் யாது? வனவியல் கரும்பலகையில் மட்டும் கற்கும் கல்வியன்று. நாற்றங்கால் வேண்டும்; அளவைக் கருவி வேண்டும்; பயிலக் காடு வேண்டும்; ஏழை மாணவன் காட்டில் தங்கிப் பயில உதவித்தொகை வேண்டும். இவை யாவும் பொருளால் ஆவன. அலபாமா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வனவியல் பாடத்திற்கு அமெரிக்க வனவியலார் சங்கத்தின் அங்கீகாரம் 2003இல்தான் கிடைத்தது. கறுப்பினக் கல்லூரிகளுள் அதனைப் பெற்ற முதற் கல்லூரி அதுவே. 1890ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எண்ணினால் 113 ஆண்டுகள்!

2023ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், அமெரிக்கக் கல்வி, வேளாண்மை அமைச்சர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினர். 1987 முதல் 2020 வரை கறுப்பின நிலக்கொடைக் கல்லூரிகளுக்குச் சேரவேண்டியதில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைந்துள்ளது என்று கணக்குக் காட்டினர். அலபாமா ஏ அண்ட் எம் மட்டும் இழந்தது 52 கோடி டாலருக்கும் மேல்.

இளைஞர்களே! நம் நாட்டிலும், அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் இருந்த காலத்தில், 1944இல், பட்டியலின மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை பிறந்தது. 1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் வந்தது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் பட்டப்படிப்பு உள்ளது. ஆகவே இரு கடமைகள் நம்முன் நிற்கின்றன. நம் பிள்ளைகளை அத்தகைய கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கச் செய்தல் ஒன்று. ஆண்டுதோறும் நமக்கென ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்று எழுதிக் கேட்டல் மற்றொன்று. அமெரிக்கக் கணக்கை ஆண்டுவாரியாக எழுதி வைத்திருந்ததனாலன்றோ இழந்தது எவ்வளவென்று 2023இல் உலகறியச் சொல்ல முடிந்தது! அக்கணக்கேட்டை நம் சங்கமும் இவ்வாண்டே தொடங்குதல் வேண்டும்.