புதுக் கணினியும் பொதுக் களஞ்சியமும்

வீட்டுக்கு ஒரு கணினி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியதாக இருக்கலாம். யாரோ சில காலம் பயன்படுத்திக் கொடுத்ததாகவும் இருக்கலாம். அதில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவியாயிற்று. அடுத்து என்ன செய்வது? கடிதம் எழுத ஒரு மென்பொருள் வேண்டும். படம் பார்க்க ஒன்று வேண்டும். சின்னப் பிள்ளைகள் எண்ணும் எழுத்தும் பழக ஒன்று வேண்டும். லினக்ஸில் இவற்றை எல்லாம் ஒரே இடத்திலிருந்து, காசு கொடுக்காமல், சட்டப்படியே பெறலாம். இந்த வசதி தானாக வந்துவிடவில்லை. அது எப்படி வந்தது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கணினி என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிவைத்த கட்டளைகளே மென்பொருள். மனிதர் எழுதும் அந்த மூல வரிகளுக்கு மூலநிரல் என்று பெயர். அது கையில் இருந்தால் பழுதைத் திருத்தலாம். இல்லையென்றால் கொடுத்ததை வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். பால் வெட்டும் கத்தியை வாங்கிக்கொள், ஆனால் அதை நீ தீட்டக்கூடாது என்று ஒருவர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? மழுங்கிய கத்தி மரத்தையும் கெடுக்கும், நம் வருமானத்தையும் கெடுக்கும் அல்லவா?

இப்படிப்பட்ட ஒரு கேள்விதான் 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் எழுந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் புதிய அச்சுப்பொறி வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்பவர்களின் திரையில் செய்தி தெரியும்படி அங்கே பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கும் அப்படியே செய்ய நினைத்தார். ஆனால் அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது.

அவர் அதோடு விட்டுவிடவில்லை. யாரும் இயக்கலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமைகளோடு ஒரு முழு இயங்குதளத்தையே உருவாக்கப் போவதாக 1983 செப்டம்பர் 27 அன்று அறிவித்தார். அதுவே குனூ திட்டம். 1989 இல் அதற்கென ஒரு பொது உரிமமும் வந்தது. அந்த மென்பொருளைத் திருத்தியோ திருத்தாமலோ பிறருக்குக் கொடுப்பவர், தாம் பெற்ற உரிமைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆயினும் இயங்குதளத்தின் நடுவே இருந்து எல்லாவற்றையும் இயக்கும் உட்கரு மட்டும் முடியாமல் இருந்தது. அந்த இடத்தை நிரப்பியவர் பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 இல், தம் 21 ஆவது வயதில், அவர் எழுதி வெளியிட்ட உட்கருவே லினக்ஸ். 1992 இல் அதுவும் அந்தப் பொது உரிமத்தின் கீழ் வந்தது.

நல்ல பொருள் கிடைத்துவிட்டது. ஆனால் அது எளிதாக வீடு வந்து சேரவில்லை. அந்நாளில் லினக்ஸை நிறுவ நெகிழ்வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கணினிக்குள் செருக வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் இருந்தது. ஒரு மென்பொருள் பெரும்பாலும் தனியாக இயங்காது, வேறு சிலவற்றைச் சார்ந்தே இயங்கும். கத்தி மட்டும் இருந்து மங்கும் வாளியும் இல்லையென்றால் பால் எடுக்க முடியுமா? அதுபோல ஒன்றை நிறுவப் போனால் இன்னொன்று கேட்கும், அதைத் தேடிப் பிடித்தால் அது மூன்றாவது ஒன்றைக் கேட்கும். தெரிந்தவர்களே களைத்துப் போனார்கள்.

இதற்கு வழி கண்டவர்கள் டெபியன் திட்டத்தார். 1993 ஆகஸ்டு 16 அன்று அமெரிக்க மாணவர் இயன் மர்டாக் இத்திட்டத்தை அறிவித்தார். ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு பொதியாகக் கட்டினார்கள். இது என்ன, எத்தனையாவது பதிப்பு, இதற்கு வேறு எவை வேண்டும் என்ற குறிப்பைப் பொதிக்குள்ளேயே வைத்தார்கள். பொதிகளை எல்லாம் பொதுவான களஞ்சியத்தில் சேர்த்தார்கள். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1 பதிப்பில் ஆப்ட் என்னும் கருவி இடம்பெற்றது. நல்ல கடைக்காரர் கத்தி கேட்டவருக்கு மங்கையும் வாளியையும் எடுத்து வைப்பதைப் போல, ஆப்ட் ஒரு பொதியைக் கேட்டால் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் தானே கொண்டுவந்து நிறுவும். உலகெங்கும் உள்ள தொண்டர்கள் இக்களஞ்சியத்தைப் பேணி வருகிறார்கள்.

2004 அக்டோபரில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு உபுண்டு வந்தது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் ஷட்டில்வொர்த் இதைத் தொடங்கினார். கேட்டவர்களுக்குக் குறுவட்டுகளை இலவசமாக அஞ்சலில் அனுப்பும் ஏற்பாடு 2011 வரை நடந்தது. 2009 இல், எழுத்தால் கட்டளையிடத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்துச் சொடுக்கி மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் சாளரம் உபுண்டுவில் சேர்ந்தது. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இத்தகைய வசதி உண்டு.

இனி நம் கணினிக்கு வருவோம். முதல் வேலை, இருப்பவற்றைப் புதுப்பித்தல். பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் இவ்வழியாகத்தான் வந்து சேரும். இதற்கு இணைய இணைப்பு வேண்டும். கைப்பேசியின் இணைப்பைப் பகிர்ந்தும் செய்யலாம்.

அடுத்துத் தேவையானவற்றை நிறுவலாம். கடிதத்துக்கும் கணக்குக்கும் லிபர் ஆபிஸ் இருக்கிறது. ஓப்பன் ஆபிஸ் என்ற பழைய தொகுப்பிலிருந்து 2010 இல் பிரிந்து வளர்ந்தது அது. படமும் பாட்டும் இயக்க விஎல்சி உண்டு. அதன் தொடக்கம் பாரிஸ் நகருக்கு அருகே ஒரு கல்லூரி மாணவர்கள் 1996 இல் மேற்கொண்ட திட்டமாகும். சின்னப் பிள்ளைகள் விளையாடிப் படிக்க ஜிகாம்ப்ரி, படம் வரைந்து பழக டக்ஸ் பெயிண்ட். இவை யாவும் அந்தக் களஞ்சியத்திலேயே கிடைக்கும். முன்பின் தெரியாத இடத்திலிருந்து எதையும் இறக்கி நிறுவ வேண்டாம். களஞ்சியத்துப் பொதிகள் முத்திரை சரிபார்க்கப்பட்டே நம் கணினிக்குள் வருகின்றன.

தமிழில் எழுத வேண்டுமே என்று கேட்பீர்கள். கணினித் தமிழுக்காக உலகத் தமிழறிஞர்கள் 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் கூடினார்கள். சென்னை மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸிலும் பயன்படுத்தலாம். அமைப்புப் பகுதியில் தமிழ் உள்ளீட்டைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேறு இயங்குதளத்துக்கென்றே செய்யப்பட்ட சில மென்பொருள்கள் லினக்ஸில் ஓடமாட்டா. பள்ளியோ அலுவலகமோ குறிப்பிட்ட ஒன்றைக் கேட்டால் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

நேயர்களே, விலை இல்லை என்பது இதில் ஒரு பாதிதான். தோட்டத்து வீடு வேலை இருக்கும் வரைதான் நம்முடையது என்பதை நம்மில் பலர் பட்டு அறிந்திருக்கிறோம். பிறர் விருப்பத்தில் இருக்கும் பொருள் எப்போதும் அப்படித்தான். இந்தக் களஞ்சியத்திலுள்ள கட்டற்ற மென்பொருளை ஒருவர் தம் விருப்பப்படி நம்மிடமிருந்து திரும்பப் பெற முடியாது. அதை நம் பிள்ளைகள் திறந்து பார்க்கலாம், கற்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். தீட்டும் உரிமையோடு கிடைத்த கத்தி இது. அதைக் கையாளப் பிள்ளைகளைப் பழக்குவோம்.