கடையாணியும் முட்டுக்கட்டையும்: காவிரிப் படுகைத் தேர்களின் வரலாறு

கும்பகோணத்திற்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், குடமுருட்டி ஆற்றை ஒட்டி அமைந்த வலங்கைமான், பெருந்தேர்கள் ஓடும் ஊர்களுக்கு நடுவே இருக்கிறது. வடக்கே கும்பகோணம் சாரங்கபாணி கோயில் தேரும், தெற்கே மன்னார்குடி இராஜகோபாலசுவாமி கோயில் தேரும், கிழக்கே திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் ஆழித்தேரும் இவ்வட்டாரத்து மக்களின் ஆண்டுக் கணக்கில் நிலையான இடம் பெற்றவை. இத்தேர்களைப் பற்றிய எழுத்துகள் அவற்றின் உயரத்தையும், மரச்சிற்பங்களையும், வடம் பிடிக்கும் உரிமை யாருக்கு முதலில் என்பதையும் விரிவாகப் பேசுகின்றன. ஆனால் பெருந்தேரைச் செலுத்துவதில் கடினமான பகுதி அதை இழுப்பதன்று. வேண்டிய இடத்தில் நிறுத்துவதும், சக்கரத்தை அச்சிலிருந்து நழுவாமல் பிடித்து வைப்பதுமே ஆகும். அவ்வகையில் தேரின் வரலாற்றை அதன் பூட்டுகளின் வரலாறாகவும் படிக்க இடமுண்டு.

தேர் என்பது சக்கரங்களின் மேல் அமைந்த கோயில். அதன் அடிப்பகுதி இலுப்பை, தேக்கு, வேங்கை முதலிய வன்மரங்களின் உத்தரங்களை அடுக்கி, இரும்பு ஆணிகளாலும் பட்டைகளாலும் பிணைத்து உருவாக்கப்படுவது. சிற்பப் பலகைகள் பொருத்தப்பட்டிருப்பதும் இப்பகுதியிலேயே. இதன் உச்சியிலுள்ள தேர்த்தட்டில் உற்சவமூர்த்தி எழுந்தருளுகிறார். அதற்கு மேலுள்ள விமானம் போன்ற பகுதி நிலையானதன்று. திருவிழாவுக்கு முன் மூங்கிலாலும் மரச்சட்டங்களாலும் கட்டி எழுப்பப்பட்டு, தேர்ச்சீலைகளாலும், தொம்பை எனப்படும் உருளை வடிவத் துணித் தொங்கல்களாலும் அலங்கரிக்கப்பட்டு, விழா முடிந்ததும் அவிழ்க்கப்படுவது. இந்த அமைப்பில் மூன்று அசைவுகளைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது: சக்கரம் அச்சின் வழியே வெளிப்புறமாக நழுவுவது, தேர் வேண்டாத நேரத்தில் உருள்வது, மேற்கட்டு ஒரு பக்கமாகச் சாய்வது. முதலாவதைக் கடையாணியும், இரண்டாவதை முட்டுக்கட்டையும், மூன்றாவதைக் கயிற்றுக் கட்டும் காத்து வந்தன.

மரத்தேர்கள் வெயிலாலும் கரையானாலும் தீயாலும் அழிந்துபடுவதால், சோழர் காலத் தேர் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் அக்காலத்தவர் தேரை எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்தனர் என்பதைக் கல் காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்ததான மேலக்கடம்பூர்க் கோயிலும், இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபமும், சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேர் வடிவில் அமைந்துள்ளன. விசயநகர, நாயக்கர் காலங்களில் கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகள் அகன்று, திருவிழாக்கள் விரிந்தபோது, தேர்களும் பருத்து உயர்ந்தன. இவ்விடத்தில் ஒடிசாவின் பூரி நகரோடு ஒப்பிடுவது பயனுடையது. அங்கு ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை ஆகியோரின் தேர்கள், முறையே 16, 14, 12 சக்கரங்களுடன், ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுகின்றன. காவிரிப் படுகையிலோ ஒரே தேர் பல தலைமுறைகளுக்கு ஓடுகிறது. ஆகவே பூரியில் தச்சரின் திறன் ஆக்குவதில் வெளிப்பட்டது என்றால், இங்கு அது பழுதைக் கண்டறிவதிலும் வெளிப்பட வேண்டியிருந்தது.

அப்பழுதறியும் அறிவு கோயிலில் மட்டும் பிறந்ததன்று. நெல் ஏற்றிச் சென்ற மாட்டு வண்டிகளின் பட்டறைகளிலும் அது வளர்ந்தது. வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடமும், அதிலிருந்து விரியும் ஆரக்கால்களும், அவற்றை வளைத்த வட்டையும், வட்டையின் மேல் சூடேற்றி மாட்டிக் குளிரவைத்து இறுக்கிய இரும்புப் பட்டாவும் இருந்தன. குடத்தின் துளைக்குள் நுழைந்து வெளியே நீளும் அச்சின் முனையில் குறுக்காகச் செருகப்படும் சிறிய இரும்பு முளையே கடையாணி. சக்கரம் வெளியே கழன்று விடாமல் தடுப்பது இந்த விரலளவு இரும்புதான் என்பதாலேயே, உருவத்தால் ஒருவரை இகழலாகாது என்பதற்குப் பெருந்தேரின் அச்சாணியைத் திருக்குறள் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் உவமையாக ஆள்கிறது. கடையாணி தானாக முறிவது அரிது. அதற்கு முன்பே வேறு குறிகள் தென்படும். சக்கரம் அச்சில் முன்னும் பின்னும் ஆடினால் குடத்தின் துளை தேய்ந்து அகன்றுவிட்டது என்றும், உருளும்போது கிறீச்சிட்டால் வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டிமை வறண்டுவிட்டது என்றும், ஆணியின் ஒரு பக்கம் மட்டும் பளபளத்துத் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்து பாரம் ஒருபுறம் சாய்கிறது என்றும் கொல்லரும் தச்சரும் கண்டுகொண்டனர். எனவே கடையாணியை மட்டும் மாற்றுவது நோயை விட்டு அறிகுறியை மறைப்பதாகவே முடியும். குடத்தையும் அச்சையும் சீர்செய்த பின்னரே புதிய ஆணி நிலைக்கும்.

பெருந்தேரில் இதே அமைப்பு பல மடங்கு பெருகிய அளவில் செயல்படுகிறது. பழைய தேர்ச் சக்கரங்களுக்கு ஆரக்கால் கிடையாது. கனத்த பலகைகளை ஒன்றோடொன்று இணைத்து வட்டமாகச் செதுக்கி, இரும்புப் பட்டையால் வளைத்தவை அவை. அச்சுகள் அடித்தளத்தோடு இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால், தேரைத் திருப்பத் தனி ஏற்பாடு எதுவுமில்லை. ஆகையால் நிறுத்துவதும் திருப்புவதும் ஒரே கருவியின் பொறுப்பாயின. ஒருபுறம் தடித்தும் மறுபுறம் சரிந்தும் ஆப்பு வடிவில் செதுக்கப்பட்ட முட்டுக்கட்டை, பெரும்பாலும் புளி போன்ற வைரம் பாய்ந்த மரத்தால் செய்யப்பட்டு, ஓடும் சக்கரத்தின் முன்னே வைக்கப்படும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் ஒரே நேரத்தில் நேராக இட்டால் தேர் நிற்கும். ஒரு பக்கத்துச் சக்கரத்திற்கு மட்டும் சாய்வாக இட்டால், அப்பக்கம் தேங்கி, மறுபக்கம் முந்திக்கொண்டு, தேரின் முகம் மெல்லத் திரும்பும். வீதி மூலைகளில் எண்ணெய் அல்லது கிரீஸ் பூசிய இரும்புத் தகடுகளைச் சக்கரங்களின் கீழே இட்டு வழுக்கச் செய்வதும் இதே விதியின் மறுபக்கமே. ஓரிடத்தில் உராய்வைக் கூட்டியும் மற்றோரிடத்தில் குறைத்தும் அசையாத அச்சுடைய வண்டியை வளைக்கிறார்கள்.

இக்கருவியின் குறைபாடுகளும் கண்ணுக்குத் தெரியும் குறிகளாலேயே அறியப்பட்டன. கட்டை பிளந்தால் மரம் முற்றாதது அல்லது இழை ஓட்டத்திற்குக் குறுக்கே அறுக்கப்பட்டது என்று பொருள். கட்டை பிளவாமல் சக்கரத்தோடு சேர்ந்து முன்னே தள்ளப்பட்டால் சரிவு போதாது அல்லது தரை வழுக்குகிறது என்று பொருள். சக்கரம் கட்டையின் மேலேறித் தாண்டினால் கட்டையின் உயரம் பாரத்திற்கு ஏற்றதாக இல்லை என்று பொருள். கட்டை போடுபவர் உருளும் சக்கரத்திற்கு மிக அருகில் குனிந்து நிற்க வேண்டியிருந்ததால், இழுப்பவர்கள் எல்லோரையும்விட உயிராபத்து அவருக்கே மிகுதி. வடம் பிடித்தவர்களுக்கு முன்னே என்ன நடக்கிறது என்பது தெரியாது என்பதால், கொடி அசைத்தும் மேளம் கொட்டியும் சீழ்க்கை ஒலித்தும் இழுக்கவும் நிறுத்தவும் குறிப்புக் காட்டும் முறை உருவாயிற்று. இக்குறிப்பு ஒரு நொடி பிந்தினாலும் கட்டை எவ்வளவு நன்றாகச் செதுக்கப்பட்டிருந்தும் பயனில்லை.

நிலமும் பருவமும் இந்தத் தொழிலின் எல்லைகளை வகுத்தன. படுகையின் களிமண் மழைக்காலத்தில் பாரத்தைத் தாங்காது; சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் முடிந்து, வயல் வெடித்து, தெரு இறுகிய பின் வரும் பங்குனி, சித்திரை மாதங்களில் பெருந்தேர்கள் பல ஓடுவதற்கு வழிபாட்டு மரபோடு இந்த வசதியும் துணைநின்றது. அறுவடை முடிந்த ஆட்கள் கிடைப்பதும் அப்போதுதான். எனினும் அவ்வாட்கள் எல்லோரும் தாமாக விரும்பி வந்தவர்கள் என்று கொள்ளலாகாது. சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில் அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தபோது, தேர் இழுக்க ஆள் திரட்டும் பொறுப்பும் வருவாய் அலுவலர்களைச் சேர்ந்தது. சமய நிறுவனங்களிலிருந்து அரசு விலக வேண்டும் என்ற கருத்து இங்கிலாந்தில் வலுப்பெற்று, 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டத்தோடு அவ்விலகல் நிறைவுற்ற பின்னர், அப்பொறுப்பு மிராசுதார்களிடமும் ஊர்களிடமும் தங்கியது. கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த உழைப்பாளிகளும் பல ஊர்களில் வடம் பிடித்தனர் என்பதும், அவர்களுக்குக் கோயில் வாயிலைத் திறக்க வழிசெய்த சட்டம் 1939இல்தான் வந்தது என்பதும் இவ்வரலாற்றின் பிரிக்க முடியாத பகுதி.

நிறுத்த இயலாமையின் விளைவை நினைவூட்டும் கதை திருவாரூருக்கே உரியது. மனுநீதிச் சோழனின் மகன் ஏறிச் சென்ற தேரின் காலில் பசுங்கன்று அகப்பட்டு இறந்ததையும், மன்னன் தன் மகனுக்கும் அதே தண்டனையை விதித்ததையும் பெரியபுராணம் கூறுகிறது. அதே ஊரின் ஆழித்தேர், மேற்கட்டு முழுவதும் எழுப்பப்பட்ட நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டது என்பர். முந்தைய தேர் 1920களில் தீக்கிரையாகி, புதிய தேர் செய்யப்பட்டு ஓடியது. பின்னர் ஓட்டம் தடைப்பட்டு, நீண்ட இடைவெளிக்குப் பின் 1970இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது மீண்டும் ஓடியது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனம், அதாவது பெல் ஆலை, இத்தேருக்கு இரும்புச் சக்கரங்களையும் அச்சுகளையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் பொருத்தியது, பூட்டும் முறையில் பல நூற்றாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த பெரும் மாற்றம்; அதன் பின் தமிழ்நாட்டின் வேறு பல தேர்களும் இவ்வழியைப் பின்பற்றின.

ஹைட்ராலிக் பிரேக் என்பது மூடிய குழாயிலுள்ள எண்ணெயை அழுத்தி, அவ்வழுத்தத்தால் பிரேக் கட்டையைச் சக்கரத்தின் மேல் நெருக்கும் ஏற்பாடு. கட்டை போடுபவரைச் சக்கரத்தின் அருகிலிருந்து ஓரளவு விலக்கியது இதன் பெரும் நன்மை. ஆனால் ஆண்டில் ஓரிரு நாள் மட்டும் உழைத்து மற்ற நாள்களில் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு இதுவும் தனக்கே உரிய நோய்களைக் கொண்டுவந்தது. நெடுநாள் அசையாத ரப்பர் வாஷர்கள் இறுகி எண்ணெய் கசியும். குழாயில் காற்று புகுந்தால் பம்பை எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. விடுவிக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்தால் பிடித்த பிரேக் விடாது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் தேர் எதிர்பாராத திசையில் முகம் திருப்பும். மேலும், பிரேக் தேரை நிறுத்துமேயன்றி மூலையில் திருப்பாது என்பதால், இரும்புச் சக்கரத்தின் காலத்திலும் முட்டுக்கட்டை ஓய்வு பெறவில்லை.

மூன்றாவது பூட்டாகிய மேற்கட்டின் பிணைப்பே இன்று மிகுந்த கவனத்தை வேண்டி நிற்பது. அடித்தளத்தைவிட அகன்றும் உயர்ந்தும் விரியும் மூங்கிற் கட்டில் ஒரு பக்கக் கயிறு தளர்ந்தால் முழுத் தேரின் நிறைமையமும் இடம் மாறுகிறது. பழைய வீதிகளில் இல்லாத மின்கம்பிகள் குறுக்கிடும்போது அதன் உயரமே ஆபத்தாகிறது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தது இதன் கொடிய சான்று. தஞ்சைப் பெரிய கோயிலில் புதிய தேர் செய்யப்பட்டு 2015இல் ஏறத்தாழ நூறாண்டு இடைவெளிக்குப் பின் தேரோட்டம் நடந்தது போன்ற மீட்சிகள் மகிழ்ச்சி தருவன என்றாலும், புதிய தேருக்கும் பழைய தேருக்கும் தேவை ஒன்றே. பொதுப்பணித் துறை தரும் உறுதிச் சான்று தேர் ஓடத் தகுதியுடையது என்று கூறும். ஆனால் ஓட்டத்தின் நடுவே எழும் கிறீச்சொலிக்கும், சக்கரத்தின் ஆட்டத்திற்கும், கட்டையின் பிளவுக்கும் பொருள் சொல்லத் தெரிந்த ஆட்கள் உடன் இருக்க வேண்டும். வடம் பிடிப்போர்க்குக் கோயில்கள் மரியாதை வகுத்ததைப் போல, கடையாணியையும் கட்டையையும் பார்த்துக்கொள்வோரின் பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் முறையான ஏற்பாடு வகுப்பதே இவ்வரலாறு முன்வைக்கும் தேவை.