அருவம்

நவீன ஓவியத்தில் ஆள், மரம், மாடு என எதையும் காட்டாததை ‘அருவ ஓவியம்’ என்கிறோம். சிற்றிதழ்க்காரர்கள் ‘அரூப ஓவியம்’ என்பார்கள். வடமொழி ‘ரூபம்’ தமிழுக்கு வந்து உருவம் ஆனது. அதன் எதிர்ச்சொல் ‘அரூபம்’ அருவமாயிற்று. ‘உரு’ தமிழ்வேர்தான் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு மூன்று நிலை சொல்லும்: அருவம், உருவம், அருவுருவம். கை கால் முகம் இல்லாமல் வடிவம் மட்டும் கொண்ட லிங்கம் மூன்றாவது வகை.

இனி ஓவியத்துக்கு வருவோம். 1888-இல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை ஓவியரும்கூட. அவர் வரைந்தவை ஆளை அச்சாகக் காட்டும் உருவப்படங்கள். 1915-இல் ரஷ்யாவின் மாலெவிச் காட்சிக்கு வைத்ததோ வெறும் கறுப்புச் சதுரம். நம் ஓவியர் ஆதிமூலமும் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்துவிட்டு, பிறகு வண்ணப் பரப்புகளுக்குப் போனார். அவற்றை அருவம் எனலாம். சதுரத்தை எப்படி அருவம் என்பது? அதற்குத்தான் உருவம் இருக்கிறதே!

அதேபோல, சேலத்துப் பக்கம் தறியில் கட்டம் போட்ட துணியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சிவப்புப் பாவில் சிவப்பு ஊடை ஓடிய கட்டம் முழுச் சிவப்பு. மஞ்சள் ஊடை குறுக்கிட்ட கட்டம் ஆரஞ்சு. நூலில் ஆரஞ்சே கிடையாது. அந்தக் கட்டம் எதன் படமும் அல்ல. ஆனால் வடிவமும் நிறமும் உண்டு.

ஆகவே கட்டமும் வட்டமுமாக அமைந்த ஓவியத்துக்கு ‘அருவுருவம்’ என்பதே பொருந்தும்.