கேடயம் முந்தியது: இலங்கைப் பள்ளி ரக்பியில் ஒரு பருவம் உருவான விதம்

லீக் பட்டியலின் நடுவில் நிற்கும் ஒரு பள்ளி அணி, குறிப்பிட்ட ஓர் எதிரணியை மட்டும் வென்றுவிட்டால் போதும். அது நல்ல ஆண்டு என்று பழைய மாணவர்கள் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். பட்டியலின் தலைப்பில் நின்ற அணி அதே எதிரணியிடம் தோற்றுவிட்டாலோ, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அணித்தலைவர் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இலங்கைப் பள்ளி ரக்பியின் விசித்திரம் இது. கண்டி டிரினிட்டி கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் மோதும் பிராட்பி கேடயம் இதற்கு முதல் உதாரணம். லீக் முறை வந்தது, அனுசரணை நிறுவனங்கள் வந்தன, நேரலை வந்தது. இந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை. ஏன் என்பதற்கான விடை, எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்ற வரிசையில் இருக்கிறது.

ஆட்டம் தீவுக்குள் நுழைந்தது வெள்ளையரின் கிளப்புகள் வழியாக. 1879இல் கொழும்பு கால்பந்து கிளப் தொடங்கப்பட்டு ரக்பி ஆடப்பட்டது. மலையகத்தில் தேயிலைத் துரைமார் டிக்கோயா, திம்புல, ஊவா என்று தோட்டப் பகுதி வாரியாக அணி கட்டினார்கள். வாரம் முழுவதும் தனித்தனி பங்களாக்களில் கிடந்தவர்கள் சனிக்கிழமைகளில் கூடுவதற்கு இது ஒரு சாக்கு. ரதல்ல, தரவளை மைதானங்கள் அந்தக் காலத்தின் மிச்சங்கள். இலங்கை ரக்பி சங்கம் 1908இல் அமைந்தபோதும் அது பெரும்பாலும் இந்தத் துரைமாரின் சங்கமாகவே இருந்தது.

பள்ளிக்கூடத்துக் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. டிரினிட்டியில் படித்த லூயி எட்மண்ட் பிளேஸ் என்ற இளைஞர், 1891 மே மாதம் கண்டி பவிலியன் தெருவில் ஒரு பள்ளியைத் திறந்தார். பிற்காலக் கிங்ஸ்வுட் கல்லூரி அதுதான். முதல் நாள் வந்தவர்கள் 11 மாணவர்கள். ரக்பிக்கு ஓர் அணிக்கே 15 பேர் வேண்டும். ஆனாலும் அந்த ஆண்டே பிளேஸ் தம் பையன்களுக்கு ரக்பியைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இலங்கையில் ரக்பி ஆடிய முதல் பள்ளி என்ற பெருமை கிங்ஸ்வுட்டுக்கு இப்படித்தான் சேர்ந்தது.

ஆனால் ஆட எதிரணி வேண்டுமே. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருந்தது. 1904இல் டிரினிட்டியின் அதிபராக வந்த ஏ. ஜி. பிரேசர், விளையாட்டை நல்லொழுக்கப் பாடமாகக் கருதிய அந்தக் காலத்து பிரிட்டிஷ் மிஷனரிக் கல்வியாளர். பின்னாளில் ஆப்பிரிக்காவின் அச்சிமோட்டா கல்லூரிக்கு முதல் அதிபரானவரும் அவரே. அவர் காலத்தில் டிரினிட்டி ரக்பியில் இறங்கியது. 1906 ஆகஸ்ட் மாதம் கண்டி போகம்பரை மைதானத்தில் இரு பள்ளிகளும் மோதின. முடிவு 6-6. தாம் படித்த பள்ளிக்கு எதிராகத் தாம் நிறுவிய பள்ளியை இறக்கிவிட்டு பிளேஸ் கண்ட முடிவு அது. இலங்கையின் முதல் பள்ளி ரக்பிப் போட்டி ஒரு குடும்பச் சண்டை என்று சொன்னால் மிகையில்லை. அதுவும் தீராத சண்டை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆட்டத்துக்குப் புள்ளிப் பட்டியல் கிடையாது, சாம்பியன் கிடையாது. வென்றாலும் தோற்றாலும் அடுத்த ஆண்டு அதே எதிரணிதான். பள்ளிகளுக்குள் ரக்பி பரவிய முறையே இப்படி, ஒவ்வொரு ஜோடியாகத்தான். கொழும்பில் ராயல் கல்லூரி ஆட்டத்தைக் கைக்கொண்டபின், 1920இல் ராயலும் டிரினிட்டியும் முதன்முறை மோதின. தலைநகரின் அரசுப் பள்ளி ஒருபுறம், மலைநாட்டின் ஆங்கிலிக்கன் மிஷன் பள்ளி மறுபுறம். கடுகண்ணாவை ஏற்றத்துக்கு மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் இடையே பழைய இராச்சிய காலத்திலிருந்தே புகைந்த உரசல் ஒன்று உண்டு. அதற்கு ஒரு பந்து கிடைத்தது.

அந்த மோதலுக்குக் கேடயம் தந்தவர் ராயலின் அதிபர் ஈ. எல். பிராட்பி. ஆட்டத்துக்கே பெயர் தந்த இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் படித்தவர். 1823இல் அந்தப் பள்ளியில் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் பலவீனம். அவன் இறந்தபின் எழுந்த பேச்சு அது. ஆனால் 1845இல் அங்கே மாணவர்களே எழுதிய விதிகள் கையில் இருக்கும் சான்று. பிராட்பி கொழும்பில் அதிபராக இருந்தது இரண்டாம் உலகப் போர்க் காலம். ராயலின் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொள்ள, வகுப்புகள் வாடகை பங்களாக்களில் நடந்தன. பள்ளியே இடம் பெயர்ந்து கிடந்த அந்த ஆண்டுகளின் முடிவில், 1945இல், விடைபெறும் வேளையில் அவர் அளித்ததுதான் கேடயம்.

கேடயத்தைவிட அதன் விதி சுவாரசியமானது. ஓர் ஆட்டம் கண்டியில், ஓர் ஆட்டம் கொழும்பில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து வெற்றியைத் தீர்மானிக்க வேண்டும். பள்ளி ஆட்டங்களில் இது அரிது. இதன் விளைவு என்னவென்றால், முதல் ஆட்டம் முடிந்தும் எதுவும் முடிவதில்லை. முதல் ஆட்டத்தில் தோற்ற அணி இரண்டாவதை வென்றும் கேடயத்தை இழக்கலாம். வென்ற அணி இரண்டாவதில் தோற்றும் கேடயத்தோடு வீடு திரும்பலாம். இடையில் கிடைக்கும் நாட்களில் இரு ஊர்களிலும் நடப்பது ஆட்டமல்ல, கூட்டல் கழித்தல்.

அந்தக் கூட்டல் கழித்தலும் காலத்தோடு மாறியிருக்கிறது. 1945இல், பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்கும் ஒரு ட்ரைக்கு 3 புள்ளி, அதைத் தொடர்ந்து கம்பத்துக்கு இடையே உதைத்துவிட்டால் மேலும் 2. பெனால்ட்டிக்கு 3. டிராப் கோலுக்கு 4, அதாவது ட்ரையைவிட ஒன்று அதிகம். 1948இல் டிராப் கோல் 3ஆகக் குறைந்தது. ட்ரை 1971இல் 4ஆகவும் 1992இல் 5ஆகவும் உயர்ந்தது. கண்டியில் 10 புள்ளி பின்தங்கிக் கொழும்புக்கு இறங்கிய அணி, தொடக்க காலத்தில் அதை ஈடுகட்ட இரண்டு ட்ரை போட்டு இரண்டையும் பிசகாமல் உதைக்க வேண்டும். இன்று ஒரு ட்ரை, ஓர் உதை, ஒரு பெனால்ட்டி போதும். முன்னோர் காலத்துப் புள்ளி வித்தியாசங்களை இன்றைய கண்ணால் பார்த்து, சொற்பப் புள்ளிகளில் முடிந்த மந்தமான ஆட்டங்கள் என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிராட்பி நடக்கும் மாதங்கள் தென்மேற்குப் பருவமழையின் மாதங்கள். தோல் பந்து இருந்த நாட்களில், தண்ணீர் குடித்துக் கனத்த அதை ஓரத்து ஓட்டக்காரருக்கு வீசுவதைவிட, எட்டு முன்கள ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் பூட்டிக்கொண்டு ஸ்க்ரம்மில் முட்டித் தள்ளுவதே காரியத்துக்கு உதவியது. சேற்றில் பூட்ஸ் பிடிமானம் இழக்கும்போது, கம்பத்துக்கு நேராக ஒரு பெனால்ட்டி கிடைத்தால் அது வரம். ட்ரைக்கும் அதற்கும் ஒரே மதிப்பு இருந்த காலத்தில் இன்னும் பெரிய வரம். நல்ல உதைகாரர் ஒருவர் இருந்த ஆண்டு, பள்ளிக்குக் கேடயம் பாதி வந்துவிட்ட ஆண்டு.

1960இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் வந்தது. கிங்ஸ்வுட், தர்மராஜா போன்றவை அரசுப் பள்ளிகளாயின. டிரினிட்டி, புனித தோமையார் போன்றவை தனியாராகவே நின்றன. ஆங்கிலம் கல்விமொழியாக இருந்த நாட்களும் மெல்லப் போயின. துரைமார் தோட்டங்களை விட்டுக் கப்பலேறினார்கள். ரக்பியும் அவர்களோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணம், அதற்குள் ஆட்டம் துரைமாரின் கையிலிருந்து பழைய மாணவர் சங்கங்களின் கைக்கு மாறியிருந்தது. பிராட்பி போலவே ராயலுக்கும் புனித தோமையாருக்கும் மைக்கேல் குணரத்ன கிண்ணம், புனித ஜோசப்புக்கும் புனித பீட்டருக்கும் அருட்தந்தை பேசில் விரதுங்க கிண்ணம் என்று பகை ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளிப் பாத்திரம் சேர்ந்தது.

1952இல் கிரீன்லேண்ட்ஸ் கல்லூரி என்ற பெயரில் தொடங்கி, பின் இசிப்பத்தன கல்லூரியான கொழும்பு ஹேவ்லொக் டவுன் அரசுப் பள்ளியின் எழுச்சி இந்தக் காலத்தின் முக்கியச் செய்தி. நூற்றாண்டுப் பாரம்பரியமோ மிஷன் பின்புலமோ இல்லாத பச்சைச் சீருடைக்காரர்கள், பெரிய பள்ளிகள் அஞ்சும் அணியாக வளர்ந்தார்கள். கண்டியில் வித்யார்த்த கல்லூரிக்கும் இதே பாதை. பழைய ஜோடிகளுக்குள் இடம் கிடைக்காத இத்தகைய பள்ளிகளுக்குத் தங்கள் தரத்தை நிறுவ லீக் தேவைப்பட்டது. லீக் வளர்ந்ததற்குப் பணம் ஒரு காரணம். அதைவிட இந்த நியாயம் வலுவானது.

தமிழர்கள் இந்த வரலாற்றில் எங்கே? தனிப்பட்ட சில பெயர்கள் பளிச்சென்று நிற்கின்றன. 1940களில் ராயலுக்கு ஆடிய சும்மா நவரத்தினம், ஆசிய அளவில் பேர்பெற்ற ஓட்டவீரர். 1950இல் கொழும்புக்கு வந்த பிரிட்டிஷ் லயன்ஸ் அணியை எதிர்த்து இலங்கைக்காகக் களம் கண்டவர். லயன்ஸ் 44-6 என்று வென்றது. அது வேறு விஷயம். ஆனால் கூட்டமாகப் பார்த்தால் படம் மாறுகிறது. மலையகத்தின் முதல் ரக்பி மைதானங்களைச் சூழ்ந்திருந்த லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்கள் தமிழர்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்த தோட்டப் பள்ளிகளில் ஒழுங்கான வகுப்பறையே அபூர்வம். ரக்பிக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்திலோ மிஷன் பள்ளிகள் இருந்தும், துரைமார் கிளப்புகள் இல்லை. அங்கே புனித யோவான் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் 1904இல் பிறந்த ‘வடக்கின் பெருஞ்சமர்’ கிரிக்கெட்டாகவே நிலைத்தது. ஆக, ரக்பியின் வரைபடம் ஆர்வத்தின் வரைபடமல்ல, வசதியின் வரைபடம்.

அண்மைப் பருவங்களில் சிங்கர், டயலொக் போன்ற அனுசரணை நிறுவனங்களின் பெயர்கள் லீக்கின் முன்னால் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. சில பள்ளிகள் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களை அமர்த்துகின்றன. உயர்தர வகுப்பில் சேர்க்கை என்ற பெயரில் வேறு பள்ளிகளின் நல்ல ஆட்டக்காரர்களை இழுத்துக்கொள்வதாகப் புகார் எழாத ஆண்டு குறைவு. பட்டியலில் ஏறுவதற்காகச் செய்யப்படும் இந்த வேலை, பள்ளிக்குப் பள்ளி என்ற பழைய பகையின் நியாயத்தையே அரிக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே மைதானத்தில் புரண்ட பையன் ஆடுவதற்கும், நேற்று வந்தவன் ஆடுவதற்கும் வேறுபாடு இல்லை என்றால், பிறகு அதைப் பள்ளி ரக்பி என்று அழைப்பானேன்?

பிராட்பி நாளில் மட்டும் பழைய முறை அப்படியே எழுந்து வருகிறது. நீலமும் பொன்னிறமும் ஒருபுறம், சிவப்பும் பொன்னிறமும் நீலமும் மறுபுறம். ட்ரம்பெட்டும் மேளமும் சேர்ந்த பப்பரே வாத்தியம். வருஷவாரியாகக் கூடாரம் அடித்துக்கொண்டு நிற்கும் பழைய மாணவர்கள். அவர்களிடம் அந்த ஆண்டு லீக்கில் எத்தனையாவது இடம் என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். தாங்கள் படித்த ஆண்டின் பிராட்பி மொத்தப் புள்ளி என்ன என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி ஆங்கிலத்தில், பள்ளி ஆண்டு மலர்களிலும் போட்டி நினைவு மலர்களிலும் சிதறிக் கிடக்கிறது. ராயலிலும் டிரினிட்டியிலும் கிங்ஸ்வுட்டிலும் ஆடிய தமிழ் மாணவர்களின் பெயர்களைத் தமிழில் தொகுத்த நூல் ஒன்று வேண்டும். பழைய நினைவு மலரோ அணிப் புகைப்படமோ வீட்டில் வைத்திருப்பவர்கள், அதன் பின்பக்கத்தில் பெயர்களையும் ஆண்டையும் எழுதி, ஒரு பிரதியைத் தங்கள் பள்ளி நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.