‘நீதித்துறை’: ஒரு சொல், இரு நிறுவனங்கள்

“அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது” என்று நாளிதழில் படிக்கிறோம். “நீதித்துறையின் சுதந்திரம் காக்கப்பட வேண்டும்” என்றும் படிக்கிறோம். முன்னது அரசாங்க வழக்கறிஞர்கள் பணிபுரியும் அமைச்சு. பின்னது நீதிமன்றங்களின் தொகுதி. ஒரே சொல் இரண்டையும் சுட்டுவதால், வழக்குத் தொடுப்பவரே தீர்ப்பும் கூறுவாரோ என ஒரு மாணவர் ஐயுற்றால், பிழை அவருடையதன்று; நம் சொல்லாட்சியினுடையது. அவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதை வரலாற்றின் வழியே விளங்கிக்கொள்ள முயல்வோம்.

அமெரிக்காவில் 1789ஆம் ஆண்டுச் சட்டமொன்று கூட்டாட்சி நீதிமன்றங்களை ஒழுங்கமைத்தது. தலைமைச் சட்ட அதிகாரி என்னும் பதவியையும் தோற்றுவித்தது. முதலில் அப்பதவியை ஏற்ற எட்மண்ட் ராண்டால்ஃபுக்குத் தனித்துறை ஏதும் இல்லை. அவர் தம் சொந்த வழக்கறிஞர் தொழிலையும் நடத்திவந்தார். உள்நாட்டுப் போருக்குப் பின்னர் அரசாங்க வழக்குகள் பெருகின. வெளி வழக்கறிஞர்களை அமர்த்துவதில் செலவு மிகுந்தது. ஆகவே 1870 ஜூன் 22இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஜூலை 1இல் அத்துறை செயற்படத் தொடங்கியது.

சிக்கனம் கருதிப் பிறந்த துறைக்கு உடனே ஒரு பெருஞ்சோதனை வந்தது. அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்கள் வாக்களிப்பதைக் கு கிளக்ஸ் கிளான் வன்முறையால் தடுத்தது. தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த ஏமஸ் ஏக்கர்மன், போரில் தென்மாநிலப் படையில் பணியாற்றியவர். எனினும் அக்கூட்டத்தினர்மீது உறுதியுடன் வழக்குகள் தொடுத்தார். தண்டனை வழங்கியது அவரல்லர், நீதிமன்றங்களே. 1871 டிசம்பரில் அவர் பதவி விலகுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். துறையில் குடியுரிமைகளுக்கெனத் தனிப்பிரிவு அமைய 1957ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வழக்குத் தொடுக்கும் துறை அதிபரின் ஆட்சிக்கு உட்பட்டது என்பதை 1973 அக்டோபர் 20 தெளிவுறக் காட்டியது. வாட்டர்கேட் விவகாரத்தை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்குமாறு அதிபர் நிக்சன் ஆணையிட்டார். தலைமைச் சட்ட அதிகாரி எலியட் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி துறந்தார். துணைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸும் மறுத்துப் பதவி இழந்தார். மூன்றாமவரான சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் ஆணையை நிறைவேற்றினார். அதிபரால் துறையின் வழக்கறிஞரை நீக்க முடிந்தது. நீதிபதிகளை நீக்க முடியவில்லை. 1974 ஜூலை 24இல் ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் நிக்சன் பதவி விலகினார்.

இன்று அத்துறையின்கீழ்க் கூட்டாட்சிப் புலனாய்வுப் பிரிவும், அரசு வழக்கறிஞர்களும், கூட்டாட்சிச் சிறைகளும் உள்ளன. புலனாய்வும் வழக்கும் சிறையும் ஒரே கூரையின்கீழ் அமைந்துள்ளன. தீர்ப்பு மட்டும் அக்கூரைக்கு வெளியே நிற்கிறது. குடிமகனுக்குக் காப்பு அந்த இடைவெளியே. நம் சொல் அதை மறைத்துவிடுகிறது.

‘நீதி அமைச்சு’ என முன்னதையும் ‘நீதித்துறை’ எனப் பின்னதையும் வழங்கலாம் என்பது நம் கருத்து. இலங்கைத் தமிழில் அரசாங்கப் பிரிவுகளைக் குறிக்க வழங்கும் ‘திணைக்களம்’ என்னும் சொல்லும் முன்னதற்குப் பொருந்தும். எச்சொல்லைத் தேர்ந்தாலும், வகுப்பறையில் இரண்டையும் வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும். வழக்காடுபவர் யார், தீர்ப்பளிப்பவர் யார் என்று பிரித்தறியும் மாணவரே அரசாங்கத்தைத் தெளிவுடன் வினவ வல்லவராவார்.