ஒலிநாடாவும் உரிமைச் சட்டமும்: நாவலப்பிட்டிச் சூழலிலிருந்து ஒரு நோக்கு

இசைப்பதிவுகளை அனுமதியின்றிப் படியெடுப்பதைத் தடுக்கும் சட்டங்கள் இசைக்கலைஞரைக் காப்பதற்கென்றே எழுந்தவை என்பது பொதுவான கருத்து. அக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை மலையகத்தின் அனுபவங் கொண்டு ஆராய்தல் பயனுடைத்து.

1874இல் புகையிரதப் பாதை நாவலப்பிட்டியை அடைந்தது. இப்பகுதித் தோட்டங்களில் காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் தப்பிசையும் வாய்மொழியாகவே வாழ்ந்து வந்தன. ஒருவர் பாடியதை மற்றொருவர் பாடுதல் அங்கு களவாகக் கருதப்படவில்லை. பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ பெயரறிந்த ஆசிரியரையே மனங்கொண்டது. அச்சட்டமே இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை நிலைமையை மாற்றியது. வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் பட்டியலின்படி திரைப்பாடல்களைப் பதிந்து கொடுக்கும் கடைகள் இலங்கையின் நகரங்களில் தோன்றின. இதனால் இழப்படைந்தவர் யார்? திரைப்பாடலின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்துத் தயாரிப்பாளருக்கே உரியதென இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்த்தது. எனவே இசையமைப்பாளர் காக்கவேண்டிய உரிமையைப் பெரும்பாலும் முன்னரே இழந்திருந்தார். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலிய ஈழத்துப் பொப்பிசைப் பாடகர்களின் நிலை வேறு. சிறிய சந்தையை நம்பியோருக்கு ஒவ்வொரு களவுப்படியும் நேரடி இழப்பாகும்.

இலங்கையின் 1979ஆம் ஆண்டு 52ஆம் இலக்கச் சட்டத்தின் இடத்தில் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. அது ஆசிரியரின் உரிமையை அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. ஆற்றுகைக் கலைஞருக்கும், நாட்டார் கலைகளை ஆற்றுவோர் உட்பட, தனியுரிமை அளித்தது. மீறுவோருக்குச் சிறையும் அபராதமும் விதித்தது. இதற்கிடையில் இணையம் படியெடுத்தலை எளிதாக்கிவிட்டது. அமெரிக்காவில் நாப்ஸ்டர் 2001இல் நீதிமன்றத் தீர்ப்பால் முடங்கியபோதும், பதிவிறக்கம் வேறு வழிகளில் தொடர்ந்தது. இந்தியாவின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கைவிடவியலா வருமானப் பங்கை உறுதிசெய்தது.

ஆயினும் இவற்றின் பயன் தோட்டத்துத் தப்புக் கலைஞரை எட்டுதல் அரிது. கூத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து பரப்புதல் இன்று எளிது. அடித்தவர் பெயரோ பெரும்பாலும் பதிவோடு செல்வதில்லை. சம்மதம் பெறாப் பதிவுக்கெதிராகச் சட்டம் உரிமை தருகிறது. அதனை நிலைநாட்ட வேண்டிய சான்றும் பொருளும் நாட்கூலி பெறுவோரிடம் இல்லை. ஆதலின் கூத்தைப் பதிவுசெய்யச் செல்லும் மாணவரும் ஆய்வாளரும் கலைஞரின் பெயர், ஊர், சம்மதம் ஆகியவற்றை எழுத்திற் பதிவுசெய்தல் கடனாகும். பெயர் பதியப்பட்ட பின்னரே உரிமை கோருவோர் ஒருவர் உளராவார்.