வற்றக் காய்ச்சும் நேரம்: பதநீர் அடுப்பும் சவ்வும்

புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் மணலியைக் கடந்து சடையங்குப்பம் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் சேர்கிறது. சடையங்குப்பத்துக்கு மேற்கே மாதவரத்தில், கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மத்திய பனைவெல்ல, பனைப்பொருள் நிறுவனம் இருக்கிறது. வடக்கே காட்டுப்பள்ளியில், 2010-இல் தொடங்கிய, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் தரவல்ல ஆலை கடல்நீரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரிக்கிறது. மரச்சாற்றைக் காய்ச்சும் அறிவு ஒருபுறம், நெருப்பில்லாமல் நீரைப் பிரிக்கும் அறிவு மறுபுறம். உலகில் இவ்விரண்டும் ஏற்கெனவே ஒன்று சேர்ந்துவிட்டன. ஆனால் அது நடந்தது பனை வளராத நிலத்தில்.

கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் வளரும் மேப்பிள் மரத்தின் சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய நாற்பது லிட்டர் சாறு வேண்டும். அங்குள்ள பழங்குடிகள் இரவில் உறைந்த பனிக்கட்டியை எடுத்தெறிந்து சாற்றைச் செறிவாக்கினார்கள். சூடேற்றிய கற்களை மரத்தொட்டியில் போட்டும் காய்ச்சினார்கள். ஐரோப்பியர் வந்த பின் இரும்புக் கொப்பரைகள் வந்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் குழிந்த கொப்பரைக்குப் பதில் அகன்ற தட்டு இடம்பிடித்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் தட்டின் அடியை மடித்து, தீ தொடும் பரப்பைப் பெருக்கினார்கள். அடிப்பரப்பு எவ்வளவு சூட்டை வாங்குகிறதோ அவ்வளவு வேகமாக நீர் ஆவியாகும் என்ற எளிய இயற்பியலே இதற்கெல்லாம் அடிப்படை.

மேப்பிள் சாற்றோடு ஒப்பிட்டால் பனையின் பதநீர் பெருங்கொடை. அதில் சர்க்கரை நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேலாகவே இருப்பது வழக்கம். ஒன்பது, பத்து லிட்டரில் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். ஆனாலும் எட்டு லிட்டர் தண்ணீரையாவது ஆவியாக்க வேண்டும். அடுப்பின் சூடு முழுவதும் பாத்திரத்துக்குள் இறங்கினால் ஒன்றரைக் கிலோ விறகு போதும். திறந்த அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் இறங்கும் என்று கொண்டால் ஏழு கிலோ தேவை. தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளில் பதநீர் காய்ச்சும் குடிசைகளான விடிலிகளில் அந்த விறகுப் புகையைப் பெரும்பாலும் சுவாசிப்பவர்கள் பெண்கள். பனையேறி இறக்கித் தந்த பதநீரை அவர்கள் பல மணி நேரம் விடாமல் காய்ச்சுகிறார்கள். பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுகிறார்கள். மேப்பிள் காய்ச்சுபவர் அதே வேலைக்குச் சிறிது வெண்ணெய் இடுகிறார்.

இந்த உழைப்பைப் பெருந்தொழிலாக்கும் முயற்சி தமிழ்நாட்டில் நடக்காமல் இல்லை. உடன்குடியை அடுத்த குலசேகரன்பட்டினத்தில் பாரி நிறுவனத்தார் பனைச்சாற்றை நம்பிச் சர்க்கரை ஆலை நடத்தினர். 1910-களில் அதற்கென்றே குறும்பாதை ரயிலும் ஓடத் தொடங்கியது. 1940-இல் ரயில் நின்றது. கருப்பட்டி மறுபடி வீட்டு அடுப்பை நம்பியது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் மகிழ்ச்சியே. ஆனால் அடுப்படியில் நிற்கும் நேரத்தை அது குறைக்கவில்லை.

மேப்பிள் காய்ச்சுபவரின் நேரத்தை உண்மையில் குறைத்தது சவ்வு. 1959-60-இல் கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் செல்லுலோஸ் அசிடேட் சவ்வை உருவாக்கினர். சௌரிராஜன் பிறகு மேப்பிள் நாடான கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவில் பணியாற்றினார். 1967-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் மேப்பிள் சாற்றை இம்முறையில் செறிவாக்கலாம் என்று காட்டினர். இரண்டு பங்குச் சர்க்கரையை எட்டுப் பங்காக்கினால் முக்கால்வாசித் தண்ணீர் தீயைக் காணாமலே போய்விடும். இன்று வீட்டுக் கொல்லையில் சில மரங்களில் சாறு எடுப்பவர்கள்கூடக் குடிநீர் வடிகட்டியின் சவ்வைக் கொண்டு சிறு கருவி அமைத்துக்கொள்கிறார்கள்.

பதநீருக்கு இது இன்னும் எளிது என்று சொல்லிவிட முடியாது. கலயத்தில் பூசும் சுண்ணாம்பு சவ்வில் படியும். அதை முன்பே நீக்கியாக வேண்டும். வெயிலில் பதநீர் விரைவில் புளிக்கும் என்பதால் கருவியை அன்றாடம் கழுவ வேண்டும். கருப்பட்டியின் நிறமும் மணமும் நீண்ட கொதியில் பிறப்பவை. ஆகவே கடைசிக் காய்ச்சலை அடுப்புக்கே விட்டுவிடுவது நல்லது. ஆனால் நீரைச் சவ்வு வழியே தள்ளத் தேவையான அழுத்தம் தடையே அல்ல. பத்துப் பங்குச் சர்க்கரைக் கரைசலின் ஊடுபரவல் அழுத்தம் கடல்நீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இருபது பங்காகச் செறிந்த பிறகும் அது கடல்நீரை எட்டாது. காட்டுப்பள்ளியில் கடலையே பிழியும் சவ்வுக்குப் பதநீர் பெரிய சுமையல்ல. பத்தை இருபதாக்கினாலே, ஆவியாக்க வேண்டிய எட்டு லிட்டர் மூன்றரை லிட்டராகிவிடும்.

அகன்ற தட்டையான பாத்திரம், புகைபோக்கி வைத்த அடுப்பு, உலர்ந்த விறகு ஆகிய மூன்றையும் வரும் பதநீர்ப் பருவத்திலேயே விடிலிகளுக்குக் கொடுத்துவிடலாம். சவ்வுக் கருவியை ஓர் ஊர்க் கூட்டுறவு அளவில் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை மாதவரம் நிறுவனம் ஏற்க வேண்டும். முதல் சோதனை உடன்குடிப் பகுதிப் பெண்களை உடன் வைத்துக்கொண்டே நடக்க வேண்டும்.